உலகநாதனின் இடது கால்

ஓர் அடி உள்ளே விழுந்தது. உலகநாதனின் இடது கால், தரையில் சுண்ணாம்பால் இழுத்திருந்த கோட்டின்மேல் விழவேண்டிய கால், கோட்டைத் தாண்டி ஓர் அடி உள்ளே விழுந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஊன்றிய கோல் அவனைத் தூக்கவில்லை, ஓர் உதறு உதறியது. குறுக்குக் கம்பியை நெஞ்சால் தள்ளிக்கொண்டு போய் மெத்தையின் ஓரத்தில் விழுந்தான். எழுந்தான். பனியனைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, கால் எங்க விழுந்துது?" என்றான். "சரியாத்தான் விழுது. நீங்க கையத்தான் முழுசாத் தூக்கல" என்றேன். தலையாட்டிக்கொண்டு போனான். இது இரண்டாவது தடவை. முதல் தடவையும் கால் உள்ளேதான் விழுந்தது, முதல் தடவையும் சரி என்றுதான் சொன்னேன், ஆனால் அது வாய் தவறி வந்தது, யோசிப்பதற்குள் வந்துவிட்டது, மனுஷனுக்கு அப்படி வருவதுதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடம் இருந்தது. இரண்டாவது தடவைக்கு அந்த இடமும் இல்லை. அவன் ஓடத் தொடங்கும்போதே எனக்குத் தெரியும், கால் உள்ளேதான் விழும், நான் சரி என்றுதான் சொல்லப்போகிறேன். கையைத் தூக்கவில்லை என்று ஒரு ஒட்டு வேறு போட்டேனே, அது எங்கிருந்து வந்தது? எனக்குப் பொய் சொல்லவராது, முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று சிவகாமி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். இருபத்தேழு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளுக்கே இந்த முகத்தைத் தெரியவில்லை.

கோலூன்றித் தாண்டுகிறவனுக்குத் தன் கால் எங்கே விழுகிறது என்று தெரியாது. இதுதான் இந்த விளையாட்டின் விசித்திரம். பன்னிரண்டு எட்டு ஓடிவந்து, தரையில் புதைத்திருக்கிற தகரப் பெட்டிக்குள் கோலின் நுனியைச் செருகி, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி, எம்பவேண்டும். எம்புகிற கால் நேராக மேல்கைக்குக் கீழே விழவேண்டும். பெட்டிக்குக் கிட்டே விழுந்தால் கோல் தோளைப் பிடுங்கும், ஆளைப் பின்னால் எறியும். எட்ட விழுந்தால் கோல் நிமிராது, பாதியில் படுத்துவிடும். எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் பெனிட்டா, விளையாட்டுக் கல்லூரியில் படிக்கிற பெண், எங்கள் மகள் வயது. "காலக் குனிஞ்சு பாக்கக்கூடாது அங்கிள். குனிஞ்சா தோள் இறங்கும், தோள் இறங்குனா எல்லாம் போச்சு. பெட்டிப் பக்கத்துல ஒருத்தர் நின்னு பாத்துச் சொல்லணும். உள்ள விழுந்தா ஓட்டத்தப் பின்னால இருந்து ஆரம்பிக்கணும். வெளிய விழுந்தா முன்னால வரணும். அவ்வளவுதான்." அவ்வளவுதான். அன்றிலிருந்து உலகநாதன் காலை நான் பார்க்கிறேன், என் காலை உலகநாதன் பார்க்கிறான். உயரம் கூடும்போது ஆசைப்படுகிறவனுக்கு எட்டு நீண்டு கால் உள்ளே வரும், பயப்படுகிறவனுக்கு எட்டு குறுகிக் கால் வெளியே நிற்கும் என்றும் அவள் சொன்னாள். சின்னப் பெண், யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. அவன் கால் உள்ளே விழுகிறது. என் கால் வெளியே விழுகிறது.

இவனை இங்கே கொண்டுவந்து சேர்த்தவனும் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. ஐம்பத்துமூன்று வயதில் சர்க்கரைக்காக நடக்கப்போன மைதானத்தில் மூத்தோர் தடகளப் போட்டி என்று அட்டை தொங்கியது. நூறு மீட்டருக்கு நாற்பது பேர், நடைக்கு அறுபது பேர். கோலூன்றித் தாண்டுதலுக்கு ஐம்பதிலிருந்து ஐம்பத்துநாலு வயதுப் பிரிவில் ஒருவரும் இல்லை. ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை, நாமே போய் நின்றால் முதல் பரிசு நமக்குத்தானே என்று கணக்குப் போட்டேன். ஆயுளில் ஒருதடவை எதிலாவது முதலில் நிற்கவேண்டும் என்று ஒரு ஆசை எனக்கு உண்டு, அதை யாரிடமும் சொன்னதில்லை. நாலு மாசம் தனியாகப் பழகினேன். கோலை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கப் பழகினேன், மணலில் ஊன்றிக் குதித்தேன், கையெல்லாம் காய்த்தது. அப்புறம்தான் சொன்னார்கள், மூன்று பேராவது பெயர் கொடுத்தால்தான் போட்டி நடக்குமாம். ஒரு ஆளுக்குப் போலீஸ் ஏட்டு மாசானத்தைப் பிடித்தேன். இன்னொரு ஆளுக்கு எங்கே போவது? சிவகாமிதான் சொன்னாள், "நம்ம வடிவு மாப்பிள்ளையக் கேளுங்களேன், அவ்வோ மாட்டேன்னு சொல்லமாட்டாவ." வடிவு அவளுடைய தங்கை. வடிவின் மாப்பிள்ளை உலகநாதன், எனக்குச் சகலை. "சும்மா வந்து நின்னாப் போதும், சாடித் தாண்டவே வேண்டாம்" என்றுதான் கூப்பிட்டேன். வந்து நின்றான். நின்றவன் சும்மா நிற்கவில்லை.

மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து முப்பது வருஷமாகக் கம்பத்தில் ஏறி இறங்கிய உடம்பு. கை ஒவ்வொன்றும் உலக்கை. நான் ஒரு மாசம் திணறிக் கற்றுக்கொண்டதை, மேல்கையை மடக்காமல் எம்புவதை, மூன்றாம் நாள் செய்துவிட்டான். பெனிட்டா "ஐயோ அங்கிள், சூப்பர்" என்றாள். என்னிடம் அவள் சொல்வதெல்லாம் "பரவால்ல அங்கிள், வரும்." கோல் ஒன்றுதான், அவள் கல்லூரியிலிருந்து வாங்கித் தந்தது, மூன்று பேருக்கும் அதுதான். பிடிக்கிற உயரத்துக்கு அடையாளமாக ஆளுக்கொரு டேப் சுற்றிவைத்திருக்கிறோம். என்னுடையது சிவப்பு. அவனுடையது ஆபீசிலிருந்து கொண்டுவந்த கறுப்பு டேப், என் சிவப்புக்கு நாலு விரல் மேலே. உயரமாகப் பிடிக்கிறவன் உயரமாகப் போவான். ஒருநாள் அவன் வருவதற்குமுன் போய் அவனுடைய கறுப்பில் பிடித்து ஓடிப்பார்த்தேன். கோல் பாதியில் நின்று யோசித்துவிட்டு என்னை வந்த வழியே இறக்கிவிட்டது, புட்டம் ஒரு வாரம் வலித்தது. சிவகாமி தைலம் தேய்த்துக்கொண்டே, "வயசுக்குத் தக்கன செய்யக்கூடாதா, அவ்வோளப் பாத்து நீங்க எதுக்குப் போட்டி போடுதீய" என்றாள். அவனுக்கு என்னைவிட இரண்டு வயதுதான் குறைவு. பொறாமைதான். இதற்கு வேறு பெயர் வைத்துக் கொஞ்சவேண்டாம். அவன் வீட்டு மாடியில் மாதுளை காய்த்தால் எனக்குப் பொறாமை, அவனுக்கு ரத்த அழுத்தம் இல்லை என்று கேட்டால் பொறாமை. நேரில் நீங்க, வாங்க, சாப்பிட்டியளா. மனசுக்குள் என்றைக்கும் அவன், இவன்.

ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். கோமதிநாயகம், ஒரு மீட்டர் தொண்ணூறு, இரண்டாவது வாய்ப்பு. ஏட்டையா ஒன்று ஐம்பதோடு கழன்று மர நிழலில் உட்கார்ந்து நுங்கு தின்கிறார், அவருக்கு வெண்கலம் உறுதி, ஊரில் அவரைவிடச் சந்தோஷமான ஆள் இன்று இல்லை. நானும் உலகநாதனும்தான் மிச்சம். ஒன்று எண்பதை நான் முதல் வாய்ப்பிலேயே தாண்டினேன், அவன் இரண்டாவதில் தாண்டினான். ஆகவே தொண்ணூறை இரண்டு பேரும் தாண்டாமல் போனால் முதலிடம் எனக்கு. விதி அப்படி. அவன் தாண்டிவிட்டால் அவனுக்கு, நான் தாண்டுவேன் என்ற நம்பிக்கை எனக்கே இல்லை. நான் ஒன்றும் செய்யவேண்டாம், அவன் கால் உள்ளேயே விழுந்துகொண்டிருந்தால் போதும். கோலை எடுத்துக்கொண்டு என் அடையாளக் கல்லில் வந்து நின்றேன். இப்போது அவன் போய்ப் பெட்டிப் பக்கத்தில் குனிந்து நிற்கிறான், என் காலைப் பார்க்க. இடுப்பைத் தேய்த்துவிட்டுக்கொள்கிறான். "அண்ணாச்சி, போன தடவ அரையடி வெளிய விழுந்துது. கல்ல அரையடி முன்னால வச்சுக்கோங்க" என்று கத்தினான். முதல் வாய்ப்புக்குப் பிறகும் இதைத்தான் சொன்னான். நான் ஏன் கேட்கவேண்டும்? நான் சொல்வது பொய், அவன் சொல்வது மட்டும் எதற்கு மெய்யாக இருக்கவேண்டும்? அவனும் எண்பதை இரண்டாவதில் தாண்டினோமே என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கமாட்டானா? அரையடி முன்னால் போய்த் தோள் பிடுங்கி நான் விழுந்தால் அவனுக்கு லாபம்தானே? கல்லை எடுப்பதுபோல் குனிந்து, அதே இடத்தில் வைத்தேன். கொஞ்சம் பின்னாலேயே வைத்தேன் என்று நினைக்கிறேன். ஓடினேன், ஏழாவது எட்டில் கம்பி மிக உயரத்தில் தெரிந்தது, ஒன்று தொண்ணூறு என்பது வீட்டு வாசல்நிலை உயரம்கூட இல்லை, ஆனாலும் கால் தானாகக் குறுகியது, கோல் நிமிரவில்லை, மெத்தைக்கு முன்னாலேயே இறங்கி நின்றுவிட்டேன். சிவப்புக் கொடி. "வெளியதான் அண்ணாச்சி, முக்காலடி. நான் சொன்னத வச்சியளா?" என்றான் உலகநாதன். "வச்சேன், வச்சேன்" என்றேன்.

பார்வையாளர் மாடத்தில் இரண்டு பேரும் ஒரே குடையின்கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள், சிவகாமியும் வடிவும். மடியில் எலுமிச்சம்பழச் சாதத் தூக்கு. சிவகாமி எனக்கு உதட்டைப் பிதுக்கிக் காட்டினாள், போனால் போகிறது என்று அர்த்தம். அவள் எப்போதும் அதைத்தான் காட்டுவாள், போனால் போகிறது. ஒன்று எண்பதை நான் தாண்டியபோது கைதட்டினாள். எத்தனை தட்டு என்று மெத்தையில் கிடந்தபடியே எண்ணினேன், ஏழு. அவன் தாண்டியபோது எழுந்து நின்று தட்டினாள், எண்ணமுடியவில்லை, வடிவும் சேர்ந்து தட்டினதால் யார் தட்டு எது என்று குழம்பிவிட்டது. எழுந்து நின்றது வடிவு எழுந்ததாலா, தானாக எழுந்தாளா? இதுதான், இங்கேதான் வந்து நிற்கும், எதில் தொடங்கினாலும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வருவேன். உலகநாதனின் ஜாதகம் முதலில் வந்தது சிவகாமிக்குத்தான். பெண் பார்க்க வந்தார்கள். காப்பி கொடுத்தது அவள். இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய், கடைசியில் ஜோசியர் ரஜ்ஜு தட்டுகிறது என்று கையை விரித்துவிட்டார். ஆறு மாசம் கழித்து என் ஜாதகம் போனது, எட்டுப் பொருத்தம். இரண்டு வருஷம் கழித்து அவன் ஜாதகம் அதே வீட்டுக்கு மறுபடியும் வந்தது, வடிவுக்கு ஒன்பது பொருத்தம். இதை எனக்குச் சொன்னது என் மாமியார், கல்யாணமாகி மூன்றாவது தீபாவளிக்கு, இலையில் அதிரசம் வைத்துக்கொண்டே, ஏதோ வேடிக்கைபோல. அன்றைக்கு ராத்திரி சிவகாமியைக் கேட்டேன், உனக்கு அவனைப் பிடித்திருந்ததா என்று. "எந்தக் காலத்துக் கத, எனக்கு ஞாபகமே இல்ல" என்றாள். பிடித்திருந்தது என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்ந்திருக்கும். பிடிக்கவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஞாபகம் இல்லை என்றால் நான் என்ன செய்வது? அவள் அவனிடம் சிரித்துப் பேசினாலும் பார்க்கிறேன், சிரிக்காமல் பேசினாலும் ஏன் சிரிக்கவில்லை என்று பார்க்கிறேன். அவள்மேல் ஒரு குற்றமும் கிடையாது, அவன்மேலும் கிடையாது, இரண்டு பேரும் இந்த நினைப்பே இல்லாமல் சோறு தின்று தூங்கி எழுகிறார்கள், நான் ஒருத்தன்தான் இருபத்துநாலு வருஷமாக இதைக் கட்டிக்கொண்டு அலைகிறேன்.

உலகநாதனைக் கூப்பிட்டுவிட்டார்கள். கடைசி வாய்ப்பு. கோலை எடுத்தவன் நேராக ஓட்டப் பாதைக்குப் போகாமல் என்னிடம் வந்தான். வலது தோளை இடது கையால் பிசைந்துகொண்டிருந்தான், முகத்தில் வேர்வை. "அண்ணாச்சி, ஒருதடவ நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு என்னமோ உள்ள வந்து விழுத மாதிரி இருக்கு. தோள்பட்ட பிடிச்சு இழுக்கு. பின்னால போகட்டுமா?" என்றான். போங்க. ஓர் அடி பின்னால் போங்க. இரண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. நாக்கு நுனிக்கு வந்தது, பொய் இல்லை, வந்தது. அவன் கண் எனக்கு மிகக் கிட்டே இருந்தது, கண்ணோரத்தில் சுண்ணாம்புத் தூசி. நான் மட்டும் சொல்லிவிட்டால் பின்னால் போவான், கால் கோட்டில் விழும், அந்த உலக்கைக் கையோடு தொண்ணூறு என்ன, இரண்டு மீட்டரையே தாண்டுவான். மாடத்தில் அவள் எழுந்து நிற்பாள். மாநிலப் போட்டிக்கு அவன் போவான், போய்விட்டு வந்து வீட்டுக்கு வீடு அல்வா கொடுப்பான், எனக்கு முதல் துண்டைக் கொடுத்து, எல்லாம் அண்ணாச்சி இழுத்துவிட்டதுதான் என்பான், மனசாரச் சொல்வான், அதுதான் கொடுமை, மனசாரச் சொல்வான். இந்த ஒரு இடம் என்னுடையது. நான் அட்டையைப் பார்த்தது, நான் கையைக் காய்ச்சிக்கொண்டது, நான் ஆள் சேர்த்தது. எனக்கு வந்த இந்த ஒன்றிலும் இவனுக்கு முன்னாலேயே ஒரு ஜாதகம் இருக்கவேண்டுமா? "இல்லியே" என்றேன். "கோட்டுலதான் விழுது. பின்னால போனியன்னா வேகம் கெட்டுரும். இன்னும் கொஞ்சம் வேகமா வாங்க." வேகமாக வா என்று நான் சொன்னேன். வேகமாக வந்தால் எட்டு இன்னும் நீளும், கால் இன்னும் உள்ளே விழும், அது பெனிட்டா சொல்லிக்கொடுத்த முதல் பாடம், அவனுக்கும் தெரிந்த பாடம். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தான். "சரி, நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஓடலாம் என்று நடுவர் கொடி காட்டினார். அவன் கோலை உயர்த்தினான். கத்தலாம். இப்போதும் கத்தலாம், நில்லுங்க என்று, ஒரு நிமிஷ நேரம் இருக்கிறது, நின்று திரும்பப் போய் ஓடலாம், விதி இடம் கொடுக்கிறது. தோள் விலகிவிட்டால்? பின்னால் வந்து தகரப் பெட்டி விளிம்பில் முதுகு அடித்தால்? சேச்சே, அப்படியெல்லாம் ஆகாது, முரட்டு உடம்பு, கம்பத்திலிருந்தே ஒருதடவை விழுந்து எழுந்து போனவன். ஓடிவந்தான். என்ன ஓட்டம் அது, சொன்ன சொல்லைத் தட்டாமல் வேகமாக, இன்னும் வேகமாக. ஒவ்வொரு எட்டும் நீண்டது, பத்தாவது, பதினொன்றாவது. கத்து, மூதேவி, கத்து என்று எனக்குள் ஒருத்தன் சொல்லிக்கொண்டிருந்தான், இன்னொருத்தன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கால் ஒன்றேகால் அடி உள்ளே விழுந்தது. கோல் பெட்டியில் முட்டிய சத்தமும் அவன் தோளில் கேட்ட சத்தமும் ஒன்றாக வந்தன. மெத்தைப் பக்கம் போகவே இல்லை, பின்னால் வந்து ஓட்டப் பாதையில் வலது தோள் அடிபட விழுந்தான். கம்பி அசையாமல் அதன் இடத்தில் இருந்தது. ஜெயித்தாச்சு. இதுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஐயோ என்று இல்லை, அடி பட்டதா என்று இல்லை, முதலில் தோன்றியது ஜெயித்தாச்சு. அதற்கப்புறம்தான் ஓடிப்போய் அவன் தலையைத் தூக்கினேன். வடிவு செருப்பை உதறிவிட்டு மாடத்திலிருந்து ஓடிவந்தாள், பின்னால் சிவகாமி, குடை அங்கேயே உருண்டுகொண்டிருந்தது. முதலுதவிக்காரர் தோளைத் தொட்டுப் பார்த்தார், நல்லவேளை மூட்டு விலகவில்லை, தசை கிழிந்திருக்கும், ஆறு வாரத்துக்குக் கையைத் தூக்கக்கூடாது என்றார். சிவகாமியின் துண்டை எடுத்துக் கழுத்தோடு கைக்குத் தொட்டில் கட்டினார். சிவகாமியின் துண்டு என்பதை அப்போதும் கவனித்தேன்.

நடுவர் என்னிடம் வந்து, முதலிடம் உறுதியாகிவிட்டது, மிச்சம் இருக்கிற வாய்ப்பை எடுத்துக்கொள்கிறீர்களா, விட்டுவிடலாமா என்றார். விட்டுவிடலாம் என்றுதான் சொல்ல வந்தேன். உலகநாதன் ஆம்புலன்சில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்து எழுந்து நின்றான். "அண்ணாச்சி சாடட்டும். தொண்ணூறு அவ்வோளுக்கு வரும், பாத்துக்கிட்டே இருக்கேன்லா. நான் கால் பாத்துட்டு வாரேன்." வடிவு திட்டினாள். அவன் காதில் வாங்காமல் ஒரு கையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டு பெட்டிப் பக்கத்தில் போய்க் குனிந்தான். குனியும்போது வலியில் பல்லைக் கடித்ததைப் பார்த்தேன். "முக்காலடி முன்னால வைங்க கல்ல. இந்தத் தடவையாவது நிசமா வைங்க" என்றான். தெரிந்திருக்கிறது. நான் கல்லை நகர்த்தவில்லை என்று பார்த்திருக்கிறான், பார்த்தும் சும்மா இருந்திருக்கிறான், பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டிருப்பான். கல்லை எடுத்து முக்காலடி முன்னால் வைத்தேன். இனி அவனுக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை என்று அப்போதும் கணக்குப் போட்டுத்தான் வைத்தேன், நம்பி வைக்கவில்லை. ஓடினேன். பன்னிரண்டாவது எட்டில் கையைத் தூக்கினேன், கோல் நுனி பெட்டியில் போய் உட்கார்ந்தது, பிடுங்கவில்லை, உதறவில்லை, கோல் தானாக நிமிர்ந்தது. கால் மேலே போனது, வயிறு கம்பிக்கு மேலே திரும்பியது, வானம், பிறகு மெத்தை. அந்த ஒரு விநாடியில் எனக்கு யார் நினைப்பும் இல்லை. ஆறு மாசத்தில் இப்படி ஒருநாளும் வந்ததில்லை. மெத்தையில் கிடந்து பார்க்கிறேன், கம்பி அசையவில்லை. "கோட்டுலயே விழுந்துது" என்று உலகநாதன் கத்திக்கொண்டு ஒற்றைக் கையால் தொடையில் தட்டினான். அவன் முதலிலிருந்தே சரியாகத்தான் சொல்லிவந்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும். அரையடி என்றால் அரையடி, முக்காலடி என்றால் முக்காலடி.

பரிசு கொடுக்கிற மேடையில் நடுப்படியில் நான், வலது பக்கம் தாழ்ந்த படியில் அவன், இடது பக்கம் ஏட்டையா. நான் அரையடி உயரத்தில் நின்றும் அவன் தலை என் தலைக்குச் சரியாக வந்துவிட்டது. போட்டோ எடுக்கிறவர் பதக்கத்தை உயர்த்திக் காட்டச் சொன்னார், அவனால் வலது கையைத் தூக்கமுடியவில்லை, இடது கையால் காட்டினான். இறங்கினதும் சிவகாமி வந்தாள். என் பதக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள், கனமா இருக்கே என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். பிறகு அவள் தொட்டிலைப் பார்த்தாள். "ஏங்க, இவ்வோ கால நீங்கதான பாத்துக்கிட்டு நின்னீய? மூணு தடவையும் இப்படி அடிபட்டு விழுதாவளே, ஒண்ணும் தெரியலியா?" கேட்டது சாதாரணமாகத்தான், விசாரணை இல்லை, அவளுக்கு அதெல்லாம் வராது. என் முகம் எப்படி இருந்ததோ. அதற்குள் உலகநாதன் முந்திக்கொண்டான். "அண்ணாச்சி சரியாத்தான் சொன்னாவ மதினி. நான்தான் கையத் தூக்காம வந்து மாட்டிக்கிட்டேன்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "ஸ்டேட் எப்ப அண்ணாச்சி? நானும் கூட வாரேன். அங்க உங்க காலப் பாக்க ஒரு ஆள் வேணும்லா." தெரிந்துதான் சொல்கிறானா என்று அவன் கண்ணைப் பார்த்தேன். தேடித் தேடிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை, வலி மட்டும்தான் இருந்தது. தெரிந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உள்ளேதான் விழுந்தது, மூன்று தடவையும் பார்த்தேன், தெரிந்தேதான் சொன்னேன், அவ்வளவுதான், சொல்ல அரை நிமிஷம் ஆகாது. சொன்னால் என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும். வடிவு அழுவாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்புறம் தலையை நிமிர்த்தி, "சவத்த விடுங்க அண்ணாச்சி" என்பான். அவன் அப்படித்தான் சொல்வான், வேறு மாதிரி சொல்லத் தெரியாது. அதைச் சிவகாமி பக்கத்தில் நின்று கேட்பாள். கேட்டுவிட்டு அவனை ஒருதடவை நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வையை என் கையாலேயே எடுத்து அவனிடம் கொடுக்க என்னால் முடியவில்லை.

"அடுத்த மாசம் இருபதாம் தேதி. கோயம்புத்தூர்ல" என்றேன்.